பிரிங்கா லெவல் கிராசிங்கில் ஒரு பிழை

ஹார்ஷம்
12 செப்டம்பர் 1999

அன்புள்ள நெவில்,

நம் வட்டத்தின் உறை திங்கட்கிழமை என் கைக்கு வந்தது. டனீடினில் இன்னும் பனி விழுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே வாட்டில் மரங்கள் பூத்து முடிந்துவிட்டன. உன் முழங்கால் அறுவைக்கு நாள் குறித்தார்களா? ஜீனை விசாரித்ததாகச் சொல்.

வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பிளம்பர் வெய்ன் போன சனிக்கிழமை ஹாமில்டனிலிருந்து காரில் வந்து என் கொட்டகையில் உள்ள மாதிரி ரயில்பாதையைப் பார்த்துவிட்டுப் போனார். விதிகளை என்னையே விளக்கச் சொல்லியிருந்தாய். விளக்கிவிட்டேன். உறை ஐந்து வீடுகளைச் சுற்றும், ஒவ்வொருவரும் தம் ரயில்பாதையில் நடந்த வேலையை எழுதிப் படங்களோடு வைக்க வேண்டும் என்றேன். அதுவரை தலையாட்டினார். அடுத்தவர் படத்தில் ஒரு பிழையாவது பிடிக்க வேண்டும், பிடிபட்டவர் அடுத்த சுற்றுக்குள் அதைத் திருத்த வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது. ஓர் உதாரணம் சொன்னேன். என் வகுப்பில் யார் கலா என்ற நம் ஊர்க் கிளியை வரைந்து கொண்டுவந்தாலும் நான் முதலில் கால்விரலைத்தான் எண்ணுவேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன்னால் மூன்று வரைந்தால் அது கோழி. அதைச் சொல்வது பிள்ளையை மட்டம் தட்டுவதற்காக இல்லை, அடுத்த முறை அவன் கிளியையே பார்த்து வரையட்டும் என்பதற்காக. வெய்ன் சிரித்துக்கொண்டே, "அப்போ என் பாதை முழுக்கக் கோழிதான் வாத்தியாரே" என்றார். நல்ல மனிதர்.

அவரவர் பாதைக்கு ஒரு தேதி உண்டு, அதற்குப் பிறகு உலகத்தில் வந்த எதுவும் அதில் இருக்கக் கூடாது என்பதையும் சொன்னேன். என்னுடையது 1973 டிசம்பர் 11, செவ்வாய்க்கிழமை என்றேன். கொட்டகைக் கடிகாரம் நிஜத்தைவிட ஆறு மடங்கு வேகமாக ஓடும், நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் முள்ளைத் திருப்பி அதே செவ்வாய்க் காலையில் வைப்பேன் என்று காட்டினேன். "இருபத்திரண்டு வருஷமா உங்க ஊர்ல செவ்வாய்க்கிழமைதானா? பாவம் சார் அந்த ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு ஞாயித்துக்கிழமை லீவு கொடுக்கக் கூடாதா?" என்றார். ஏன் அந்தத் தேதி என்றும் கேட்டார். அன்றைய அட்டவணை முழுதாகக் கிடைத்தது என்றேன். உனக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சுற்றில் நடந்த வேலை: என் மாதிரி ஊரான பிரிங்காவின் நான்காவது சைலோ, கோதுமை சேமிக்கும் கோபுரம், முடிந்தது. மழைநீர் வழிந்த கறைக்கு மட்டும் ஒன்பது நாள். ஸ்டேஷனுக்கு மேற்கே தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டுப் பசை ஊற்றினேன். கவனித்து ஊற்றியும் தடம் மாற்றும் பாயிண்ட் ஒன்று ஒட்டிக்கொண்டது. கத்தி முனையால் கீறி எடுத்தேன். படங்கள் ஆறு வைத்திருக்கிறேன்.

என் பாதையைப் படமெடுக்க, மாதிரி ரயில் பத்திரிகையின் படக்காரர் நவம்பர் 27 அன்று மெல்பர்னிலிருந்து வருவதாக உறுதி செய்துவிட்டார். படங்களுக்குக் கீழே வரும் குறிப்புகளை நீ எழுதுவதில் எனக்கு நிம்மதி. அதற்கு முன் முடிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன.

கிளெனிஸ் நலம். புதன்கிழமைகளில் தன் தங்கை வீட்டுக்குப் போய்வருகிறாள். என் தேநீரைக் கொட்டகை வாசல் பலகையில் வைத்து, கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவாள். உள்ளே வருவதில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

அன்புடன்,
லிண்ட்சே


ஹார்ஷம்
16 அக்டோபர் 1999

அன்புள்ள நெவில்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "மாட்டினியா வாத்தியாரே! பதினெட்டு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்று நீ தொடங்கியதுமே சைலோவில் ஏதோ விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாவது படத்தில், லெவல் கிராசிங்கில் சிவப்பு விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன என்கிறாய். பிரிங்கா கிராசிங்கில் 1975 மார்ச்சில்தான் விளக்கு போட்டார்கள், அதுவரை வெறும் எச்சரிக்கைப் பலகைதான் என்று ரயில்வே சுற்றறிக்கையின் எண்ணோடு எழுதியிருக்கிறாய். "செவ்வாய்க்கிழமை எங்கேருந்துய்யா கரண்ட் வந்துச்சு?" என்றும் கேட்டிருக்கிறாய்.

நீ சொல்வது சரி. 1975 மார்ச். எனக்கும் தெரியும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியோடு போய்ப் பார்த்தேன். கம்பங்கள் இருக்கின்றன. சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நான் வைக்கவில்லை.

பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரலில் இல்லை. மே மாதப் படத்தில் இருக்கின்றன. ஐந்து மாதமாக நம் எல்லார் கண்ணிலும் பட்டு, ஒருவரும் பார்க்கவில்லை. நான் தினமும் அதற்கு ஓர் அடி தள்ளித்தான் உட்காருகிறேன்.

கம்பம் ஒரு குண்டூசி. விளக்கின் கறுப்பு வட்டம் ஒரு சட்டைப் பொத்தான். சிவப்பு, பாசிமணி. குறுக்குப் பலகை தீக்குச்சியைச் சீவிச் செய்தது. ஒட்டிய பசை துணிக்குப் போடுவது, நாம் பயன்படுத்துவது இல்லை. உயரம் ஐந்து சென்டிமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்கு என்ற நம் கணக்குப்படி நிஜத்தில் பதினான்கு அடிக்கு மேல் வருகிறது. எந்த ரயில்வேயும் அவ்வளவு உயரத்தில் வைத்ததில்லை.

படக்காரர் வருவதற்குள் எடுத்துவிடுகிறேன். திருத்தாத பாதையைப் பத்திரிகைக்கு அனுப்புவதில்லை என்ற விதியை எழுதியவனே நான்தான். இடுக்கியைக் கையில் எடுத்தேன். பிறகு மதிய உணவு நேரமாகிவிட்டது.

கிளெனிஸிடம் எதுவும் கேட்கவில்லை. இங்கே இரண்டு நாள் வடக்குக் காற்று. வேறு விசேஷம் இல்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்.

லிண்ட்சே


ஹார்ஷம்
18 நவம்பர் 1999

அன்புள்ள நெவில்,

"எடுத்தாச்சா இல்லையா, ஒத்த வரி போடு" என்று நீ அனுப்பிய அட்டை கிடைத்தது. எடுக்கவில்லை. ஒரு வரியில் முடிக்க முடியாததால் பொறுமையாகப் படி.

பதினெட்டு வருடமாக நாம் கடிதம் எழுதிக்கொள்கிறோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று நீ நினைத்திருப்பாய். நான் அப்படிச் சொன்னதில்லை. நீ நினைத்ததைத் திருத்தவும் இல்லை. எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் மெரின். 1973-இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. பெண்டிகோவில் ஆசிரியர் பயிற்சி முடித்து விடுமுறைக்கு வந்திருந்தாள்.

நான் அப்போது பிரிங்கா பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். டிசம்பர் 12, புதன்கிழமை காலை, சாண்ட்விச் டப்பாவை அடுப்படி மேசையிலேயே மறந்துவிட்டுப் போனேன். கிளெனிஸ் அதைப் பார்த்துவிட்டு, கொடுத்துவிட்டு வா என்று மெரினிடம் சொன்னாள். அறுவடைக் காலம். அட்டவணையில் இல்லாத கோதுமை வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. மெரின் எங்கள் நீலக் காரை எடுத்துக்கொண்டு போனாள். வெயில் நேர் எதிரே. மணி எட்டு நாற்பது. பிள்ளைகள் வரிசையில் நின்று கொடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தம் எங்களுக்குக் கேட்டது.

பதினைந்து மாதம் கழித்து விளக்கு போட்டார்கள்.

டப்பாவை மறந்தது நான். அனுப்பியது அவள். இந்த இரண்டையும் நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சண்டையும் இல்லை. உப்பு எடு, மழை வரும் போலிருக்கிறது, தபால் வந்ததா, இவ்வளவுதான் பேச்சு. அப்படியே வருடங்கள் போயின. கொட்டகை கட்டி, பிரிங்காவைச் செய்யத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமையை ஏன் எடுத்தேன் என்பதை இனி உனக்கு விளக்க வேண்டியதில்லை. கிளெனிஸ் தேதியைக் கேட்டதே இல்லை. ஆனால் நம் உறை வரும்போது அதை அவள்தான் தபால்காரரிடமிருந்து வாங்குகிறாள். படித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்த மாதம் மூன்றாம் தேதி, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கம்பம் உயரம் அதிகம் என்று மட்டும் சொன்னேன். வாத்தியார் புத்தி. அவள் திரும்பவில்லை. "உயரமா இருந்தாத்தான் தூரத்துலயே தெரியும்" என்றாள்.

இன்னொரு தட்டைத் துடைத்தேன். எரியும்படி செய்துவிடலாமா என்று கேட்டேன். அவள் குழாயை மூடினாள். பிறகு, "ரெண்டும் ஒண்ணா எரியக் கூடாது லிண்ட்சே. மாத்தி மாத்தி எரியணும். நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு தடவை" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "எண்ணியிருக்கேன். வண்டி வராத நாள்தான் ஜாஸ்தி. வந்தா எண்ணுவேன்" என்றாள்.

பிரிங்கா, அவள் தங்கை வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். எத்தனை புதன்கிழமை என்று நான் கேட்கவில்லை.

நீ வேலையைப் பற்றிக் கேட்பாய் என்பதால் எழுதுகிறேன். கம்பங்களின் அடியில் பலகையைத் துளைத்துக் கம்பி இறக்கினேன். பாசிமணிக்குப் பின்னால் கோதுமை மணி அளவு பல்பு. வண்டி சைலோவைத் தாண்டியதும் விளக்கு தொடங்கி, கடைசிப் பெட்டி சாலையைக் கடந்ததும் நிற்கும்படி தண்டவாளத்தில் இரண்டு இடங்களில் மின்சாரத்தைப் பிரிக்கும் வெட்டு. வேகத்தைச் சரிசெய்யத்தான் மூன்று நாள் ஆயிற்று. முதலில் ஐம்பத்திரண்டு வந்தது. கிளெனிஸ் வாசலில் நின்று, கையைத் தொடையில் தட்டி எண்ணி, "ஜாஸ்தி" என்றாள். மறுநாள் "இன்னும் கொஞ்சம்" என்றாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அப்போது சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

நேற்று புதன்கிழமை. அவள் காரை எடுக்கவில்லை. தேநீரோடு வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். இரண்டு கோப்பை. என் பழைய முக்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தபாலாபீஸ் கதவு பச்சை இல்லை, நீலம்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நீலம்தான். பார், இதையும் நீங்கள் ஒருவரும் பிடிக்கவில்லை.

வண்டிகளை ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை முழுவதும் ஓடியது. கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. வழக்கம்போல முள்ளைத் திருப்பக் கை போனது. கிளெனிஸ் என் கையைப் பார்த்தாள். தடுக்கவில்லை. பார்க்க மட்டும் செய்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். முள் தன்போக்கில் நகர்ந்தது. நம் கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து எட்டு நாற்பதுக்கு எண்பத்தேழு நிமிடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கணக்குப் போட்டதே இல்லை. இருவரும் உட்கார்ந்தே இருந்தோம்.

எட்டரை ஆனபோது அவள் ஏப்ரன் பையிலிருந்து ஒரு பொம்மைக் காரை எடுத்தாள். நீலம். கடையில் விற்பது. அளவு நம்முடையதற்குக் கொஞ்சம் பெரிது. கிராசிங்குக்கு இந்தப் பக்கம், சாலையில் வைத்தாள்.

வண்டியை எடுத்தேன். சைலோவைத் தாண்டியது. விளக்குகள் எரிந்தன, இடது, வலது, இடது, வலது. கார் நின்றது. இருபத்திரண்டு பெட்டிகளும் கடந்து போயின. விளக்கு அணைந்தது. கிளெனிஸ் காரின் கூரையில் ஒரு விரலை வைத்து, மெதுவாகத் தண்டவாளத்தைத் தாண்டி உருட்டி, பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"டீ ஆறிப்போச்சு" என்றாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். கார் அங்கேயே இருக்கிறது.

நான் அழவில்லை. என்ன உணர்ந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வழி தவறாக இருந்து விடை மட்டும் சரியாக இருந்தால் வகுப்பில் நான் மதிப்பெண் போட்டதில்லை. விடை தவறி வழி சரியாக இருந்தால் பாதி போடுவேன். இதில் உயரம் தவறு, பசை தவறு, வருடம் தவறு, கார் பெரிது. இதற்கு எத்தனை போடுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

ஆகவே நெவில், அந்தக் கம்பங்களை எடுக்க மாட்டேன். விதி விதிதான். வட்டத்தில் நீங்கள் கூடிப் பேசி, இந்தப் பாதை பத்திரிகைக்குப் போகக் கூடாது என்று முடிவெடுத்தால் எனக்கு வருத்தம் இல்லை. இருபத்திரண்டு வருட வேலைதான், கொட்டகையில் இருந்துவிட்டுப் போகட்டும். படக்காரரிடம் நானே சொல்லிவிடுகிறேன். வெய்னுக்கு மட்டும் ஒன்று சொல். ஸ்டேஷன் மாஸ்டர் நேற்று ஒரு புதன்கிழமை பார்த்தார்.

போகலாம் என்று முடிவானால், உன்னிடம் ஒரே ஒரு விண்ணப்பம். கிராசிங் படத்துக்குக் கீழே பிழை என்று குறிக்காதே. காரணமும் எழுதாதே. தண்டவாளம், சைலோ, கட்டடங்கள் என்று என் பெயரைப் போடும் இடத்தில் ஒரு வரி சேர்த்துவிடு. "கிராசிங் விளக்குகள்: கிளெனிஸ்." பத்திரிகை வந்ததும் அவள்தான் தபால்காரரிடமிருந்து வாங்குவாள்.

அறுவை முடிந்து ஜீனின் தோளைப் பிடிக்காமல் நீ நடக்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் பத்திரமாகத் திரும்பி வரட்டும்.

உன்,
லிண்ட்சே

பின்குறிப்பு: தபாலாபீஸ் கதவுக்கு நீலம் அடித்துவிட்டேன். அதைத் திருத்தியதாகக் குறித்துக்கொள்.