புதைத்த கரி

புசல்லாவை
10.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் கரிப் பெக்டரிக்குள் போன் எடுக்க விடமாட்டார்களாமே, அதனால் கண்டி பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். பரிமளத்துக்குக் குறைமாதத்தில் பெண்பிள்ளை. உங்கள் மூக்கு. லயத்து அறைக் கூரை ஒழுகுகிறது. ஈர விறகு மூட்டினால் புகையில் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது.

நீங்கள் அனுப்பிய கரியில், தேயிலைச் செடிகளுக்கடியில் புதைத்தது போக மிச்சம் நனையாமல் ஸ்டோரில் இருக்கிறது. சாவி என்னிடம். ஒரு மூட்டை எடுக்கவா? "அக்காவக் கேக்காம தொடாதீங்க" என்கிறாள் பரிமளம்.

தம்பி மோகனராஜ்

பல்லேகல
12.07.2025

அன்புத் தம்பி,

மருமகளுக்கு ஆயிரம் முத்தம். மூக்கைச் சொல்லி எனக்கு ஐஸ் வைக்காதே.

கரியைத் தொடாதே. அழுகின மரக்கறியையும் தேயிலைக் கழிவையும் ஈரத்தோடேயே, பிரஷர் குக்கரில் போல அவித்துச் செய்வது அது. மண்ணுக்குள் கிடந்தால்தான் வெளிநாட்டுக் கம்பனி காசு தரும். எரித்தால் உலகைச் சூடாக்கும் கார்பன் திரும்ப வானத்துக்குப் போய்விடுமாம். 22ஆம் திகதி கம்பனிக்காரர்கள் தோண்டிப் பார்க்க வருகிறார்கள். "உங்க தோட்டத்து ஆளுங்க திருட மாட்டாங்களே?" என்று மெனேஜர் என்னிடமே கேட்டார். மாட்டார்கள் என்றேன். குறைந்தால் இருவர் வேலையும் போகும்.

மூடிய அறையில் கரி எரிப்பதும் ஆபத்து. கரண்ட் ஹீட்டர் அனுப்புகிறேன். பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

அக்கா சஞ்சீவனி

புசல்லாவை
21.07.2025

அக்கா,

கரியைத் தொடவில்லை. பரிமளம் பிள்ளையை நெஞ்சை விட்டு இறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி கேட்டேன். "கொழுந்து இறக்கிட்டு வாறோம்" என்றார்கள். கொழுந்து வாடக் கூடாதல்லவா. லொறி வந்தபோது பிள்ளை இல்லை. அது வெள்ளிக்கிழமை. உங்கள் ஹீட்டர் சனிக்கிழமை வந்தது. பிரிக்காமல் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன்.

நம் ஆட்களை எங்கே புதைக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். தேயிலைக்குள் குழி வெட்டினேன். மண்ணோடு உங்கள் கரி வந்தது. "அள்ளிக்கடா, அடுப்புக்காவது ஆகும்" என்றார்கள் கூட வந்தவர்கள். நான் விடவில்லை. துண்டு துண்டாகப் பொறுக்கிப் பிள்ளையைச் சுற்றியே போட்டு மூடினேன். ஸ்டோரில் இருந்ததையும் நேற்றுப் புதைத்துவிட்டேன். வானத்துக்கு ஒன்றும் போகவில்லை.

நாளை வருகிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். மேல் மலையில், வெள்ளைக் கல் வைத்த இடத்தைத் தோண்ட வேண்டாம். அங்கே எதுவும் குறையவில்லை.

பதில் வேண்டாம்.

மோகனராஜ்