கலைவாணி நின்றுவிட்டாள்

ஒக்டோபர் 6, திங்கள்

விடிந்ததில் இருந்து மழை. ஹெந்தளை ரோட்டில் முழங்கால் தண்ணீர். இலை கட்டுகிற ஷெட்டுக்குப் பிந்தித்தான் போனேன். வெளிநாட்டுக்குப் போகிற அலங்கார இலை மலைபோலக் கிடக்கிறது. துடைத்துக் கட்டத்தான் ஆள் இல்லை. இன்றும் இரண்டு பெண்பிள்ளைகள் வரவில்லை. கார்மெண்ட் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்களாம்.

முதலாளி ஹாஜியார் சிரித்தபடிதான் சொன்னார்: "மனேஜர், புள்ளைகள் இப்பிடி ஒவ்வொண்டாப் போனா, நீங்களும் நானும்தான் இலை துடைக்க வேணும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொருத்தி போனால் என் மனேஜர் கதிரையும் ஆடும்.

வாங்க வேண்டியவை: 'மாதத்தின் சிறந்த ஊழியர்' பலகை (ஆட்கள் போகாமல் இருக்க, ஹாஜியார் அனுப்பிய செமினாரில் சொன்னது), கையுறை சின்ன சைஸ், வீட்டுக்குத் தேங்காய்.

ஒக்டோபர் 8, புதன்

பலகை மாட்டியாயிற்று. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. கலைவாணி மட்டும் வாய்விட்டே சொன்னாள்: "எங்க மூஞ்சிய எதுக்கு சார் மாட்டுறீங்க? கைய போட்டோ புடிச்சு மாட்டுங்க."

கையைக் காட்டினாள். நாள் முழுக்க ஈரத் துணி. விரலிடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாக. கையுறை போட்டால் இலை கிழிகிறது, கிழிந்தால் பெட்டி திரும்பி வருகிறது. அதனால் யாரும் போடுவதில்லை. நானும் போடச் சொல்வதில்லை.

ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில்தான் அறை. அவள் கட்டிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பின்னேரம் தனியாக வந்தாள். வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையில் கேஷியர் வேலை கேட்டிருக்கிறாளாம். "உங்களுக்கு போன் பண்ணுவாங்க சார். நல்லதா ரெண்டு வார்த்த சொல்லுங்க. இந்தக் கை ஆறுனாப் போதும்."

"ஓம், சொல்லுறன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன், அந்த நேரம்.

ஒக்டோபர் 10, வெள்ளி

சேலைக்கடை அம்மாவின் போன் வந்தது. "பிள்ளை எப்பிடி? கல்லாவில இருத்தலாமோ?"

"வேலை நல்லாச் செய்வா." பிறகு ஹாஜியாரின் முகம் ஞாபகம் வந்தது. "கல்லாவில எண்டால்... அதைப் பற்றி நான் ஒண்டும் கதைக்க விரும்பேல்ல."

"விளங்குது, விளங்குது. நல்ல காலம், கேட்டன்." வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று பஸ்ஸில் எனக்கு நானே வக்கீல். கழிவு இலையைக்கூடக் கேட்காமல் எடுக்காத பிள்ளையைக் கள்ளி ஆக்கிவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனிசன். பாதிச் சோற்றை மூடி வைத்தேன். "வயிறு சரியில்லையோ?" என்று மனைவி கேட்டாள். ஓம் என்றேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். சரியான சனக்கூட்டம். மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. வெளியே வந்து, கச்சான் கடலை விற்கிறவளின் பக்கத்தில் நின்றே சேலைக்கடைக்குப் போன் எடுத்தேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை. அது தங்கமான பிள்ளை."

"ஐயோ தம்பி, வேற ஆளை எடுத்திட்டம்." பிறகு, "அண்டைக்கு ஒண்டு, இண்டைக்கு ஒண்டு. நான் எதை நம்புறது?"

நியாயம்தான். கலைவாணியிடம் சொல்லியே ஆக வேண்டும். நாளைக்கு.

ஒக்டோபர் 15, புதன்

சொல்லவில்லை. பெட்டி அதிகம்.

ஒக்டோபர் 16, வியாழன்

சொல்லவில்லை. பெட்டியும் அதிகமில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

பலகைக்கு முதல் படம்: கலைவாணி. ஹாஜியாரின் தெரிவு. கேக் வெட்டினோம். படம் எடுக்கும்போது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினோம், நானும்.

ஹாஜியார் என் முதுகில் தட்டினார். "செமினாருக்கு அனுப்பினது வீண் போகல்ல மனேஜர். புள்ள போகாம நிண்டுட்டாள், பாத்தீங்களா?"

தீபாவளிக்கு நாளை ஊருக்குப் போகிறாள். போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்புவதில்லை. இவளும் திரும்பாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவளுக்காகவா, எனக்குச் சொல்லத் தேவையில்லாமல் போகும் என்பதற்காகவா, தெரியவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

வெயில். ஏழு பேர் வரவில்லை. கலைவாணி வந்துவிட்டாள், முறுக்குப் பையோடு. கூடவே தங்கச்சி, சாந்தி.

"அந்தக் கடையில ஏன் எடுக்கலன்னு தெரியல சார். நீங்க நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்கு அமையல, விடுங்க." தங்கச்சியை முன்னால் தள்ளினாள். "இவ கார்மெண்டுக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. தெரியாத எடம் வேணாம், எங்க சார் இருக்காரு, ஏமாத்த மாட்டாருன்னு நாந்தான் கூட்டியாந்தேன்."

இப்போதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"புதுப் புள்ளையா? மாஷா அல்லாஹ்! உடன எடுங்க மனேஜர்" என்று உள்ளேயிருந்து ஹாஜியார்.

ஏப்ரன் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். சாந்தி இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். நல்ல கை. ஒரு கீறல்கூட இல்லை.