சாவியைத் தொடாத ஞாயிற்றுக்கிழமை

மன்னி,

நேற்று மாலை என் பெண்ணின் புதுக் காரில் ஹஸ்ரா முனை வழியாக வந்துகொண்டிருந்தேன். சிகப்பு விளக்கில் கார் நின்றது. நின்றதும் எஞ்சினும் அடங்கிவிட்டது. "ஐயோ, அணைஞ்சுபோச்சே!" என்றேன். "பயப்படாதேம்மா, இந்தக் கார் நின்னா தானே ஆஃப் ஆயிடும். பெட்ரோல் மிச்சம்" என்றாள். உங்கள் வீட்டுக்காரர், எங்கள் அண்ணா, இருந்திருந்தால் அந்தக் காரைக் கட்டிக்கொண்டிருப்பார். சிரித்தேன். கூடச் சிரிக்க நீங்கள் இல்லையே என்று உடனே அழுகையும் வந்தது.

எழுபதுகளின் நடுவில் பவானிபூர் வீட்டில் நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். பெஹாலாவில் ஒரு வங்காளப் பள்ளியில் சயின்ஸ் டீச்சர் வேலை எனக்கு. பஸ் நெரிசலில் இரண்டு தடவை மயங்கி விழுந்ததும், வேலையை விட்டுவிடு என்ற பேச்சு வீட்டில் கிளம்பியது. ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அண்ணாவின் கார் சும்மாதான் நின்றது. "லைசென்ஸ் வாங்கு, எடுத்துண்டு போ" என்று அவர் சொன்னது பெரிய மனசுதான். ஓட்டவும் அவரே கற்றுக்கொடுத்தார்.

ஆனால் அதே காரில் போய் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றேன். நிறுத்தச் சொல்வார் இன்ஸ்பெக்டர். பிரேக்கை அழுத்துவேன், எஞ்சின் அணைந்துவிடும். அண்ணா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "எங்கிட்ட ஒரு நாளாவது அணைஞ்சிருக்கா? கார்ல ஒண்ணும் இல்லை. உன் காலுக்கு கிளச் பிடிபடலை. மூணாவது தடவையும் போச்சுன்னா வேலையை விட்டுடு." அறைக்குள் போய் என் காலையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள்தான் காபி டம்ளரோடு வந்தீர்கள். "அவர்கிட்ட எப்படிடீ அணையும்? அவர்தான் முன்னாடியே அணைச்சுடறாரே" என்றீர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து அண்ணாவுக்கு அந்தப் பழக்கம். தூரத்தில் சிகப்பு விளக்கு தெரிந்தாலே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். கார் உருண்டுபோய் நிற்கும். அதை அந்த வீட்டு ஆசாரங்களில் ஒன்றாகவே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம். அணைத்த எஞ்சின் எப்படி மறுபடி அணையும்? சயின்ஸ் டீச்சருக்கு இது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு காளிகாட் கோயிலுக்குக் கிளம்பினோம். முன் சீட்டில் உட்கார்ந்ததும், "ஏன்னா, இன்னிக்கு ஒரு நாள் சாவியைத் தொடாதேங்கோ" என்றீர்கள். அண்ணா சிரித்துக்கொண்டே சரி என்றார். ஹஸ்ரா முனையில் பிரேக்கை அழுத்தினார். எஞ்சின் அணைந்தது. பின்னால் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தபடி இருந்தது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கோயிலுக்குப் போகும் வழியில் இப்படி நினைத்தது பாவமோ என்னவோ, எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

வீடு திரும்பியதும் அண்ணா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நாம் இருவரும் போய் பானெட்டைத் திறந்தோம். சும்மா நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடியது. பிரேக் பிடித்தால் மட்டும் அணைகிறது, ஆனால் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. அப்படியென்றால் பெட்ரோல் கோளாறு இல்லை, ஒரு கணம் கரண்ட் விட்டுப்போகிறது என்றேன். "பிரேக் போட்டா நாம எல்லாரும் முன்னாடி சாயறோமே, எஞ்சின் மட்டும் சாயாதா?" என்று கேட்டீர்கள். பழைய புடவைத் துணியை நாலாக மடித்து எஞ்சின் மேல் வைத்து, இரண்டு கையாலும் முன்பக்கம் தள்ளினீர்கள். அணைந்தது. மறுபடி கிளப்பினேன், மறுபடி தள்ளினீர்கள், மறுபடியும் அணைந்தது.

எஞ்சின் உட்கார்ந்திருந்த ரப்பர்கள் தேய்ந்து அது ஆடிக்கொண்டிருந்தது. ஆடும்போதெல்லாம், தீப்பொறிக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர் ஒன்று இழுபட்டது. மேலுறை முழுசாக இருந்தது. கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு அறுந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் கிடந்தன. கொலுவுக்கு பல்பு போடும் வயரிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கொடுத்தீர்கள். கொஞ்சம் தளர்வாகவே விட்டு மாட்டினேன். பிறகு உங்கள் பலம் முழுவதும் போட்டுத் தள்ளினீர்கள். எஞ்சின் அணைய மறுத்தது. கையெல்லாம் கறுப்பு மசியோடு என்னைக் கட்டிக்கொண்டீர்கள். இரண்டு புடவையும் பாழ்.

அண்ணா எழுந்து வந்து ஹஸ்ரா வரை ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர்களை மறுநாளே மாற்றிக் கொடுத்தார்.

மூன்றாவது டெஸ்டில் இன்ஸ்பெக்டர் என்னை நான்கு தடவை நிறுத்தச் சொன்னார். நான்கு தடவையும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் "டீக் ஆச்சே", சரியாக இருக்கிறது, என்று வங்காளத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கேட்டுக்கு வெளியே குடையோடு நின்ற உங்களுக்கு நான் ஹாரன் அடித்தே சேதி சொன்னேன். மறுநாளே காரில் பெஹாலாவுக்குப் போனேன்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் "எனக்கு வரலை, தீதி" என்று, டீச்சரை அக்காவாக்கி வங்காளத்தில் சொல்லிக் கண்ணைக் கசக்கினால், அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அதே கருவியில் நானே செய்து பார்ப்பேன். எத்தனையோ தடவை எனக்கும் வராது; கோளாறு கருவியில்தான் இருக்கும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், மன்னி. அதைப் பார்ப்பதற்காகவே ஓய்வு பெறும் நாள் வரை அந்த வேலையை நான் விடவில்லை.