இரண்டு வார இறுதிகளில் ஒரு குதிரை மசாஜ் டிப்ளோமா

சற்று முன், நான் வந்திருக்கும் ஷாஃப்ஹவுசன் பக்கத்து லாயத்தில் யாரோ யூக்கலிப்டஸ் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார்கள். உடனே உங்கள் ஞாபகம் வந்தது. குதிரையைத் தொடுமுன் உள்ளங்கை வழிய ஊற்றிக்கொள்வீர்கள். வாசம் தூக்கலாக இருந்தால் வைத்தியமும் பெரிது என்று மற்றவர்கள் நம்பினார்கள். நீங்களும் நம்பவிட்டீர்கள்.

நீங்கள் போய் ஒரு மாதமாகிறது. இறந்தவரைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டுமாம். முயன்று பார்த்தேன், வாய் வரவில்லை.

உங்கள் குதிரை மசாஜ் வகுப்பில் சேர்ந்தபோது நான் ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பிசியோதெரபிஸ்ட். குதிரைகள் மேல் ஆசை. இரண்டு வார இறுதிகள் வந்தால் தங்க முத்திரையோடு டிப்ளோமா தருவதாகச் சொன்னீர்கள். குதிரை மசாஜ் செய்பவர் என்று பலகை மாட்ட இந்த நாட்டில் அதுகூடத் தேவையில்லை, அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் முத்திரையை யார் வாங்குவார்கள்?

கடைசி நாளில் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை வந்தது. பின்னங்காலை ஊன்றத் தயங்கியது. தொட்டேன், கொதித்தது. "மிருக வைத்தியர் பார்த்தாரா?" என்று கேட்டேன்.

"எல்லாவற்றுக்கும் வைத்தியர் என்றால் நாம் எதற்கு?" என்று வகுப்பே கேட்கச் சிரித்துவிட்டு, அந்த இடத்திலேயே பெருவிரலை அழுத்தினீர்கள். குதிரை நடுங்கிக் காலை இழுத்தது. இறுக்கம் விடுகிறது என்று விளக்கம் சொன்னீர்கள். மறுநாள் அது காலை ஊன்றவே இல்லை. குணமாகுமுன் அப்படித்தான் இருக்கும் என்று உரிமையாளரிடமும் கூசாமல் சொன்னீர்கள். தசைநார் கிழிந்திருந்ததைப் பிறகு வைத்தியர்தான் கண்டுபிடித்தார்.

அதன் பிறகு வேலை பார்த்துக்கொண்டே மிருகங்களுக்கான பிசியோதெரபியை வருடக்கணக்கில் படித்தேன். வைத்தியர்களின் மேற்பார்வையில் பழகி, அரசாங்கப் பரீட்சையும் எழுதித் தேறினேன்.

போன வாரம் உங்கள் மனைவி தொலைபேசியில் அழைத்தார். உங்கள் வகுப்பை நான் ஏற்று நடத்த வேண்டுமாம். என் பட்டத்தைப் பார்த்து ஆட்கள் நிறைய வருவார்களாம். ஷ்லீரனில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன்.

"செய்யன் பிள்ளை. முதியோர் இல்லத்திலை முதுகு முறிஞ்சது காணாதோ?"

"ரெண்டு சனி ஞாயிறிலை இதைப் படிப்பிக்க ஏலாதம்மா."

"செத்த மனுசனோடை இன்னும் என்ன கோவம்?"

"அவர்தான் செத்தவர். அவர் குடுத்த டிப்ளோமாக்கள் சாகேல்லையே."

உங்கள் மனைவியிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அவரிடம் நீ எதுவுமே கற்கவில்லையா?" என்று கேட்டார். கற்றேன். எனக்குத் தெரியாது, வைத்தியரைக் கூப்பிடுங்கள் என்று தயங்காமல் சொல்லக் கற்றேன். உங்கள் வாயிலிருந்து ஒருநாளும் வராத வார்த்தைகள் அவை.

இன்றும் அதையே சொன்னேன். இங்கேயும் ஒரு குதிரையின் பின்னங்கால் வீங்கியிருக்கிறது. உரிமையாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. என் கண்முன்னாலேயே வேறொருவரை அழைத்தார். அவர் எதுவும் கேட்காமல் உடனே வருகிறேன் என்றாராம். உங்கள் மாணவர். என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் போகவில்லை. அந்தக் குதிரையின் காலை மறைத்து நின்றபடிதான் இதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.