உதறிக் கொடுக்கும் சால்வை

மச்சான்,

இன்று காலை கடை திறந்ததும் ஒருவன் வந்து, வேட்பாளருக்குப் போட சால்வை வேண்டும் என்றான். மேல்தட்டிலிருந்து ஒன்றை இறக்கினேன். புதுச் சரிகையும் கஞ்சியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. மறுபடி தேர்தல் வந்துவிட்டது. நீ இல்லை.

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ வாசலில் கைக்குட்டை விற்றவர்கள் நாம். நான் பூந்தமல்லியில் துணிக்கடை போட்டேன். நீ ஊர் வம்பை இழுத்துப் போட்டுக்கொண்டாய். ஏரியில் கட்டட இடிபாடு கொட்டும் லாரிகளைத் தடுப்பேன் என்று சொல்லி, கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றாய். எனக்குப் பிடிக்கவில்லை, முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"லாரிக்காரன் சும்மா வுடுவானா மச்சான்? உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?"

"பயந்துகினே இருந்தா இன்னும் கர்ச்சீப்தான் வித்துகினு இருப்போம் மாமே. நல்ல சால்வையா ஒண்ணு எடுத்து வை. ஜெயிச்சுட்டு வந்து போட்டுக்கறேன், ஓசியில!"

கையில் சால்வையோடு வருபவனை நம் ஊரில் யார் தடுப்பார்கள்? கூட்டமே விலகி வழிவிடும். வேட்பாளரும் கும்பிட்டபடி குனிந்து கழுத்தைக் கொடுப்பார். என் கடைக்கு எதிரே நீயும் அப்படித்தான் குனிந்தாய். வந்தவன் வெயிலுக்குக் கட்டியதுபோல் முகத்தில் துண்டு கட்டியிருந்தான். மடித்த சால்வைக்குள் கத்தி இருந்தது.

அந்தச் சால்வை என் கடைச் சரக்கு. அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் வாங்கிப் போனான். அப்போது முகத்தில் துண்டு இல்லை. விரித்துக் காட்டப் போனேன். "வேணா பாய், மடிச்சபடியே குடு" என்றான். ஆக, அந்த முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நாளை மறுநாள் கோர்ட்டில் அவனை அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

எதிரே பைக் நின்றால் போதும், கைவேலையை விட்டுவிட்டு அதையே பார்க்கிறேன். போன வாரம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் உள்ளே வந்து பனியன் விலை கேட்டான். வாங்கவில்லை. "பொண்ணு வேலப்பன்சாவடி காலேஜ்தான பாய்? டெய்லி பஸ்லதான் போவுதா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போனான்.

வீட்டில் சொன்னேன். "மூஞ்சி மறந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்" என்று மனைவி அழுதாள். மகள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் வேற பஸ்ல போய்க்கறேன் அத்தா. நீங்க போய் சொல்லிட்டு வாங்க."

அதிலிருந்து அவள் வீடு திரும்பும்வரை எனக்குக் கல்லாவில் உட்கார முடிவதில்லை. வாசலிலேயே நிற்கிறேன்.

காலையில் வந்தவனும் மடித்தே கொடுங்கள் என்றான். நான் பிரித்தேன். நான்கு மூலையையும் பிடித்து உதறினேன்.

"இன்னா பாய், உள்ள பாம்பு கீதா?"

"என் கடையில உதறித்தான் குடுப்பேன். வேணும்னா எடுத்துக்க."

இப்போதெல்லாம் எல்லோருக்கும் அப்படித்தான். நீ ஓசியில் கேட்டது மட்டும் மேல்தட்டில் மடித்தபடியே இருக்கிறது.

பயத்தோடுதான் சாட்சிக் கூண்டில் ஏறுவேன். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை மச்சான்.