அம்மா போன வழியில் கிடந்த பூக்கள்

அண்ணே,

இன்று காலை நம் தெரு வழியாக ஒரு சாவு போனது. யாரென்று நான் கேட்கவில்லை. கொட்டுச் சத்தம் ஓய்ந்த பிறகு வாசலைக் கூட்டப் போனேன். சம்பங்கியும் செவ்வந்தியும் நசுங்கித் தார் ரோட்டோடு ஒட்டிக் கிடந்தன. அந்த வாசம் ஏறியதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு முன்பு போல் இல்லை. உன்மேல் இருந்த கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

திண்டுக்கல்லில் உன்னைப் போல் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மற்றவர்கள் மாலையை முன்னால் நின்று எடுத்தார்கள். நீ தரையில் மல்லாந்து படுத்து, செவ்வந்தியின் அடிப்பக்கத்தை வெயிலுக்கு எதிரே பிடித்து எடுத்தாய். தண்ணீர் டம்ளருக்குப் பின்னால் மல்லிகையை வைத்து, ஒரு மொட்டை நிலா அளவுக்கு ஆக்கினாய். டவுன் பஸ் சீட்டில் யாரோ விட்டுப்போன கனகாம்பரத்தை எடுக்கப் போய்க் கண்டக்டரிடம் திட்டு வாங்கினாய்.

"ஏண்ணே, பூவுக்கு முதுகப் போயி எடுக்குறியே, அதுக்கென்ன வெக்கமா?" என்று கேட்டேன்.

"மூஞ்சியத்தான் எல்லாரும் பாக்குறாக புள்ள" என்றாய். அப்போது சிரித்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் அம்மா இறந்த அன்று அவளுக்கென்று ஒரு படம்கூட இல்லை. "போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சுரும்" என்று கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாளே. அதனால் அதுதான் கடைசி வாய்ப்பு. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு, நாங்கள் சுற்றி நின்றோம்.

பெரியப்பா அதட்டினார்: "ஏலே, எடுறா. செத்த நேரத்துல தூக்கிருவாக."

கிளிக் சத்தம் கேட்டது. நாங்கள் நம்பினோம்.

நீ கழுவிக் கொண்டுவந்த படங்களில் அம்மா இல்லை. மாலை நுனியில் தொங்கிய செவ்வந்தி மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் பாடையிலிருந்து இறைத்த பூக்கள், நீ ரோட்டில் குப்புறப் படுத்து எடுத்தவை.

"அம்மா எங்கண்ணே?"

"மூஞ்சியப் பாத்தா கை ஆடுது புள்ள. பூவுக்கு ஆடல."

"அப்ப செவத்துல பூவ மாட்டி வெளக்கு வைக்கவா?" என்று அத்தனையையும் உன்மேல் எறிந்தேன். அதோடு ரயிலடிப் பக்கம் இருந்த உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உன் மகள் சடங்குக்குக்கூட வரவில்லை.

போன மாதம் உன் காரியம் முடிந்ததும் அவள்தான் அந்தப் படங்களை என் கையில் வைத்தாள். "அத்தே, ஒங்களுக்குன்னு அப்பா எடுத்து வச்சிருந்துச்சு."

இந்த முறைதான் வரிசையாகப் பார்த்தேன். நம் வாசல், பிறகு தெருமுனை. பொம்பளைகளை அங்கேயே திருப்பிவிட்டார்கள். அதற்கப்பால் அம்மா எப்படிப் போனாள் என்று எனக்குத் தெரியாது. உன் படங்களில் பூக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. புளியமரத்து நிழலில், வாய்க்கால் பாலத்தில், சுடுகாட்டுக் கேட்டடியில். எல்லாம் எறும்பு பார்க்கிற உயரத்தில். கேட்டு வரைக்கும் உன்னோடு நடந்தேன்.

அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அம்மாவின் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கும். சிரித்தால் மேலுதட்டில் மடிப்பு விழும். பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள். அவர்களுக்கு முகம் பிடிபடவில்லை. பேசாவிட்டாலும், அந்த முகம் தெரிந்தவன் இன்னொருவன் ரயிலடிப் பக்கம் இருக்கிறான் என்று ஒரு தெம்பு இருந்தது. இப்போது நான் ஒருத்திதான். மறக்காமல் இருப்பதே வேலையாகப் போய்விட்டது அண்ணே. அசதியாக இருக்கிறது.