எழுதாமல் விட்ட தோட்டாக்கள்

நான் கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் "என்ன?" என்று கேட்கிற என் தம்பி குகனுக்கு,

வருகிற சனிக்கிழமை உன் ஆட்டைத் திவசம். நீ போய் ஒரு வருடம். அதற்குள் நடந்த ஒன்றை நான் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல எழுதுகிறேன், மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். நோர்வேயில், இந்த மோர்டென்ஸ்ருட் வீட்டில், ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வருடம் இருந்தோம். அந்த அளவு இரகசியம் போதும்.

நீ போய் இரண்டு கிழமையில் நானே பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேட்டைத் துவக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார், இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். துவக்கை அனுமதி உள்ள ஒருவரிடம் கொடுக்கலாம், தோட்டாக்களை எண்ணி எங்களிடம் கொண்டு வாருங்கள் என்றாள் அங்கிருந்த பெண். எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். "எல்லாம் இரும்பு அலுமாரியில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அவ்வளவு நம்பிக்கையோடு நான் பேசியது அதுதான் கடைசித் தடவை.

அலுமாரியைத் திறந்தால் துவக்கும் ஒரேயொரு பெட்டியும் இருந்தன. சிவப்பு நிறத்தில் இருபத்தைந்து தோட்டா. அடுத்த நாள் சோறு வைக்க அரிசி வாளிக்குள் அளவுப் பேணியை விட்டேன். அரிசியோடு நான்கு பச்சைத் தோட்டா வந்தது.

உனக்கு அந்த நாள் நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டைக் கள்ளர் உடைத்த பிறகு, காப்புறுதிக்காக நம் வீட்டுச் சாமான்களை ஒரு கொப்பியில் பதிந்தேன். ஒரு சாமானுக்கு ஒரு வரி, எங்கே இருக்கிறது, எப்போது வாங்கியது. குடிதண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் போத்தல்களுக்கு நான் செய்கிற வேலைதான். நீ குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

"துவக்கும் தோட்டாவும் எத்தினை எண்டு சொல்லு, எழுதுறன்."

"துவக்கை எழுது. அது பொலிசிலை பதிஞ்சது. மற்றதை விடு."

"ஏன்?"

"எழுதி வைச்சால் பிறகு எழுதினதுதான் கதைக்கும், அக்கா. நாங்கள் கதைக்கேலாது."

"இது நோர்வே, குகன்."

"ஓம், இது நோர்வே. தேத்தண்ணி போடட்டோ?"

நான் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததை எழுதினேன். குளிர்சாதனப் பெட்டி, ஒன்று.

நான் படிக்க வந்தவள். ஊரில் வீடு வீடாகச் சோதனை போட்ட காலத்தில் இங்கே ஆய்வுகூடத்தில் குளிருக்கு நடுங்கிக்கொண்டு நின்றேன். நீ அங்கே இருந்தாய். சோப்பும் பற்றரியும் மண்ணெண்ணெயும் வராத காலத்தில் கிடைக்கிற அன்றே வாங்கி வைக்கப் பழகினாய். வாங்கியதை ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்து வைக்கப் பழகினாய். வைத்த இடத்தை வீட்டாருக்குச் சொல்லாமல் விடவும் பழகினாய், தெரியாத ஆளை அடித்தாலும் ஒன்றும் வராது என்பதற்காக. இதெல்லாம் நான் பிறகு யோசித்துச் சேர்த்தவை. உன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை. துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன் ஏன் துவக்கு வாங்கினாய் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துத் துவக்கை எடுத்துப்போக ஓட்வார் வந்தார். நீ என்னோடு இருக்க வருமுன், வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் உனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர், உனக்கு மலைக்கோழி சுடப் பழக்கியவர். உனக்கு அவரை விட நெருங்கிய ஆள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"போன ஓகஸ்டில் பத்துப் பெட்டி வாங்கினான். எல்லாம் சிவப்பு" என்றார். "மலையில் இரண்டு பெட்டியைச் சுட்டுத் தீர்த்தோம். விழுந்தது மூன்று கோழி. மூன்றும் நான் சுட்டது."

"ஏன் அவ்வளவு வாங்கினான்?"

"பழையது பச்சைப் பெட்டிகள், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை."

அப்படியென்றால் எட்டுச் சிவப்புப் பெட்டி இருக்க வேண்டும். பச்சைக்குக் கணக்கே இல்லை. நான் தேடத் தொடங்கினேன். பருப்புப் பேணிகளுக்குப் பின்னால் ஒன்று. உன் பனிச் சப்பாத்துகளுக்குள் பாதி பாதியாக ஒன்று. நான் நோர்வேக்கு வரும்போது கொண்டுவந்த சூட்கேசுக்குள் இரண்டு. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பெட்டியில் ஒன்று. சாமித்தட்டில் கற்பூரப் பைகளுக்குப் பின்னால் ஒன்று. கற்பூரத்துக்குப் பக்கத்தில் வெடிமருந்து. உனக்குக் கண்டபடி ஏசினேன். அன்றைக்குக் காலையிலிருந்து நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் என்பது பிறகுதான் உறைத்தது.

அலுமாரியில் இருந்ததோடு ஏழு. எட்டாவது இல்லை.

நீ கடைசியாக மலைக்குப் போட்டுப்போன ஜாக்கெட் நினைவுக்கு வந்தபோது நான் ஏணியில் நின்றேன். அதை நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தவர் பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்கா. "போட்ட உடுப்பு வீட்டிலை கிடக்கக் கூடாது, மாலினி. ஆத்துமாவுக்கு அது ஒரு பிடிப்பாப் போயிடும்" என்றார். "ஆத்துமாவை விடுங்கோ அக்கா, எனக்கு அலுமாரியிலை இடம் வேணும்" என்றேன். உண்மை என்னவென்றால், வாசல் கொளுக்கியில் அந்தப் பச்சை ஜாக்கெட் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. அன்று சாப்பாட்டுக்கு வந்த அகிலனிடம் அதை மடித்துக் கொடுத்தேன். நீ விசாப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்த பெடியன்தான். திராமனில் விடிய முன்னம் பத்திரிகை போடுகிற வேலை, மனைவி சுபா, மூன்று வயதில் ஒரு மகள். அவர்களுடைய பெயர்களை இந்தக் கடிதத்துக்காக மாற்றியிருக்கிறேன்.

கொடுப்பதற்கு முன் நான் பைகளைப் பார்க்கவில்லை. உன் பைக்குள் கை விடுகிற அக்காவாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. செத்த பிறகு மட்டும் விடலாமா என்று தோன்றியது. அதை மரியாதை என்று நினைத்தேன்.

அகிலனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அந்த ஜாக்கெட்டைப் போடுறனீரோ?"

"ஓம் அக்கா, ஒவ்வொரு விடியவும் அதுதான். நல்ல சூடு. ஏன், திருப்பி வேணுமோ?"

"இல்லை. நான் ஒருக்கா வந்து பாக்கட்டோ?"

அவன் குரலைத் தாழ்த்தி, "வாங்கோ அக்கா. எப்பவெண்டாலும் வாங்கோ" என்றான்.

"அதுவரைக்கும் பிள்ளைக்கு எட்டாத இடத்திலை வைச்சிரும்."

"ஓமோம், ஊத்தை படாமல் வைக்கிறன்."

தம்பியை நினைத்து ஏங்குகிறேன் என்று நினைத்துவிட்டான். நான் திருத்தவில்லை. தோட்டா என்ற சொல்லைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது? ஒரு தமிழ் வீட்டிலிருந்து இன்னொரு தமிழ் வீட்டுக்கு, இந்தக் காலத்தில்?

அந்தப் பின்னேரமே திராமனுக்கு ரயில் ஏறினேன். சுபா ஜாக்கெட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "நீங்கள் இருங்கோ அக்கா, நாங்கள் உள்ளுக்கை நிக்கிறம்" என்று இருவரும் குசினிக்குள் போய்விட்டார்கள். நான் அழுவதற்கு இடம் விட்டார்கள், குகன். அவ்வளவு நாகரிகமான ஆட்களுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த சாமானைப் பார்.

உன் பைக்குள் முதல் தடவையாகக் கை விட்டேன். முன்பைகளில் அகிலனுடைய கையுறைகள். முதுகுப் பக்கம், சுட்ட கோழியைப் போடுகிற பெரிய பைக்குள் பெட்டி இருந்தது, ஒரு பக்கம் கிழிந்து. எண்ணினேன். இருபத்து மூன்று. திரும்ப எண்ணினேன். இருபத்து மூன்றுதான்.

சுபாவைக் கூப்பிட்டு, ஒரு தோட்டாவைக் கையில் வைத்துக் காட்டினேன்.

"இது பிள்ளையின்ரை லிப்ஸ்டிக் எல்லோ, அக்கா" என்றாள். "ரெண்டு நாளா இதோடைதான் விளையாட்டு. நான் ஏதோ பற்றரி எண்டு நினைச்சன். நேற்று நான் தேங்காய் உடைக்கிறதைப் பாத்திட்டு, இதையும் சுத்தியலாலை உடைக்கப் போச்சுது. கீழ் வீட்டுக்காரர் சத்தத்துக்குக் கத்துவினம் எண்டு நான்தான் சுத்தியலைப் பறிச்சனான்."

பித்தளை அடியும் சிவப்பு உடம்புமாக அது லிப்ஸ்டிக் போலத்தான் இருக்கிறது. அடியின் நடுவில் சுத்தியல் பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நான் அப்போது சொல்லவில்லை. பிள்ளை அறைக்குள் கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டில் ஒன்றைச் சொண்டில் பூசிக்கொண்டிருந்தது. அதன் விரல்களைப் பிரித்து இரண்டையும் எடுத்தேன். வீறிட்டு அழுதது. "மாமி வேறை கொண்டு வாறன், நல்லது கொண்டு வாறன்" என்றேன். என்னை மாமி என்று நானே சொன்னது அதுதான் முதல்.

அகிலன் வந்து என் கையில் இருப்பதைப் பார்த்தான். போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினான். பிறகுதான் உட்கார்ந்தான்.

"கனமாத்தான் இருந்தது, அக்கா. நோர்வேக்காரர் செய்யிறது எல்லாம் கனம்தானே எண்டு விட்டிட்டன்." பிறகு, "எங்கடை விசா இன்னும் முடிவாகேல்லை. எங்கடை வீட்டிலை இது எடுத்தது எண்டு ஒரு இடத்திலையும் எழுதிப் போடாதேங்கோ" என்றான்.

"ஒரு பிழையும் இல்லை, அகிலன். இது நோர்வே" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை எல்லாவற்றையும் பொலிசுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் ஒவ்வொரு பெட்டிக்கும் எங்கே இருந்தது என்று கேட்டு எழுதினாள். சப்பாத்து, சூட்கேஸ், சாமித்தட்டு எல்லாம் சொன்னேன். எட்டாவது பெட்டிக்கு வந்தாள். இருபது வருடமாக நான் ஒரு போத்தலுக்கும் இடத்தை மாற்றி எழுதியதில்லை. "அவனுடைய ஜாக்கெட்டில்" என்றேன். ஜாக்கெட் எங்கே தொங்கியது என்று அவள் கேட்கவில்லை. நானும் அதை எழுதக் கொடுக்கவில்லை.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். ஒரு விஷயத்தைத் தலைக்குள் மட்டும் வைத்துக்கொண்டு நடப்பது எவ்வளவு பாரம்? நீ எத்தனை வருடம் அப்படி நடந்தாய்? யாருக்காக?

அகிலனுக்கு இந்த ஆனியில் விசா கிடைத்துவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ஊருக்குச் சாமான் போகிற பாதையை மறுபடியும் பூட்டிவிட்டார்கள், சோப்புக்கு மறுபடியும் வரிசையாம். நீ இருந்திருந்தால் அன்றைக்கே இங்கே கடைக்கு ஓடியிருப்பாய்.

பச்சைத் தோட்டாக்களை மாரி முழுக்கத் தேடினேன். மாசியில் தையல் நூல் பேணிக்குள் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு இல்லை. இல்லை என்றால் நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் வேலையால் வந்து சாத்தியிருக்கிற ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கும் வரைக்கும் இந்த வீட்டில் உன்னோடு ஏதோ ஒரு பேச்சு இருந்தது. எல்லாவற்றையும் திறந்த பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

லிப்ஸ்டிக் வாங்கிக்கொண்டு போனேன். எனக்கென்று ஒருநாளும் வாங்கியதில்லை, எந்தச் சிவப்பு என்று கடைக்காரி கேட்டபோது திணறினேன். பிள்ளைக்குக் கொடுக்கிற சாமானா என்று சுபா சிரித்தாள். அடுத்த மாதமும் போனேன். பிள்ளை இப்போது வாசலிலேயே என் கைப்பையைப் பறித்து உள்ளே இருப்பதையெல்லாம் நிலத்தில் கொட்டிவிடும். நான் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நேற்று சுபா தொலைபேசியில் திவசத்துக்கு என்ன சமைத்துக்கொண்டு வரட்டும் என்று கேட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு என்றேன். பிறகு, "இந்த வீட்டுத் திறப்பு ஒண்டு உம்மட்டை இருக்கட்டும்" என்றேன்.

"ஏன் அக்கா, எங்கையாவது போறியளோ?"

"இல்லை. இருக்கிறதுக்குத்தான்."



வாசல் பூட்டுக்கு இரண்டாவது திறப்பு வெட்டியாகிவிட்டது, மேசையில் இருக்கிறது. என்னை உனக்குத் தெரியும். சனிக்கிழமை எல்லாரும் புறப்படும்போது, பிறகு கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும். தோன்றினாலும் கொடுப்பேன். கொடுத்த பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போய், எது எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுவேன். உன் அறையில் தொடங்குவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னிடம் ஒன்றும் கேளாமல் இருந்துவிட்ட
உன் அக்கா,
மாலினி